உடும்புக்கு ஆமை போட்ட பந்து

கோடையில் ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டைத் தண்ணீர்தான் மிஞ்சும். அதற்காக அடித்துக்கொண்டு சாகக் கூடாது என்று கீழ்க்கரை விலங்குகளும் மேல்கரை விலங்குகளும் ஒரு வழக்கம் வைத்திருந்தன. வருஷத்துக்கு ஒரு கிரிக்கெட் ஆட்டம். ஜெயித்த கரை விடியலில் தெளிந்த தண்ணீர் குடிக்கும். தோற்ற கரைக்கு, அவர்கள் கலக்கிவிட்டுப் போன சேறு.

அந்த வருஷம் கீழ்க்கரைக்குக் கேப்டன் பூவாத்தா என்கிற கீரி. போன கோடையில் சேற்றைக் குடித்து அவளுடைய குட்டிகள் இரண்டு செத்துப்போயின. இப்போதும் வளையில் பால் மறந்த குட்டிகள் நாலு கிடக்கின்றன. மற்றவர்களுக்கு ஆட்டம். அவளுக்கு அது உயிர்.

மேல்கரையில் ஒன்பது பேர் மட்டை பிடிக்க வந்த சுருக்கில் அவுட்டாகித் திரும்பிவிட்டார்கள். முதல் ஆளாக வந்த சடையன் என்கிற உடும்பு மட்டும் போகவே இல்லை. கடைசி ஆளான தவளை எதிர்முனையில் நடுங்கிக்கொண்டு நின்றது. அதைப் பந்து பக்கமே விடாமல், ஓவருக்கு ஓவர் கடைசிப் பந்தில் ஒரு ரன் ஓடி, சடையனே மறுபடி எதிரே வந்து நிற்பான். இன்னும் ஆறே ரன். அடித்துவிட்டால் மேல்கரை ஜெயித்தது.

அதுவரை கீழ்க்கரைக்குக் காட்டுப்பன்றிதான் மண் பறக்க ஓடிவந்து பந்து போட்டது. சடையன் பனைமட்டையைச் சும்மா காட்டுவான். பந்து தானாகப் பறந்துபோகும். முள்ளம்பன்றி பக்கத்தில் நின்று, வாலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போடா என்று வாய் ஓயாமல் வைதது. வைய வைய, சடையனின் நகம் தரையில் இறுகியதுதான் மிச்சம்.

பூவாத்தா போன ஓவர் முழுக்க அவன் மட்டையையே பார்த்திருந்தாள். இப்போது காட்டுப்பன்றியிடம் இருந்த பந்தை வாங்கி ஆமையிடம் கொடுத்தாள்.

எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆமை பிறந்ததிலிருந்து ஒரு பந்தும் போட்டதில்லை. "எங்கிட்டயா தாயி?" என்று கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"அக்கா, வெயில் தலைக்கேறிடுச்சா?" என்றது முள்ளம்பன்றி.

காட்டுப்பன்றிக்கு மூக்கு விடைத்தது. பூவாத்தா அதன் காதோரம் சொன்னாள்: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அவன் இன்னும் ஒரு பந்தைக்கூட அடிக்கல. நீங்க குடுத்த வேகத்தைத்தான் திருப்பி விட்டுக்கிட்டிருக்கான்."

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. குட்டைப் பக்கம் நின்றவர்களை எல்லாம் அவள் இந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் வெறிச்சென்று கிடந்தது. குட்டையைத் தாண்டினால் ஆறு ரன். குட்டைக்குள் விழுந்தால் அவுட். பந்தெடுக்கிற சாக்கில் தண்ணீரைக் கலக்கிவிடுவார்கள் என்று போட்ட சட்டம் அது.

"சடையா, நீ ஜெயிச்சாச்சுப்பா. சுருக்கா முடிச்சுவிடு, வீட்டுல பிள்ளைங்க தனியா இருக்கு" என்றாள்.

ஆமை போட்டது. பந்து உருண்டு, நின்று, யோசித்து, வந்து சேர்ந்தது. சடையனுக்கே சலித்துப்போனது. தடுத்துப் போட்டான். அடுத்த பந்து மேலே மிதந்து வந்தது. சடையன் காலியாகக் கிடந்த பக்கத்தைப் பார்த்தான். தரையைப் பிடித்திருந்த நகம் முதல்முறையாகத் தளர்ந்தது. ஓங்கி அடித்தான்.

பந்து ஏறியது. பூவாத்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

தொப்.

குட்டையில் ஒரே ஒரு வட்டம் விரிந்தது. காட்டுப்பன்றி திறந்த வாயை மூடவில்லை. சடையன் அவுட். கீழ்க்கரை ஜெயித்தது.

"தாண்டியிருக்கணுமே" என்றான் சடையன். "சும்மா தொட்டதெல்லாம் தாண்டுச்சே."

"அதெல்லாம் பன்றி அண்ணன் பலம்டா. இது மட்டும்தான் உன்னுது" என்றாள் பூவாத்தா.

அந்த அதிர்ச்சியில் சடையனின் நகம் மறுபடி தரையைக் கவ்விக்கொண்டது. மேல்கரைக்காரர்கள் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தும் அவன் பெயரவில்லை. மறுநாள் விடியலில் கீரிக்குட்டிகள் நாலும் தெளிந்த தண்ணீரில் வாய் வைத்தபோது, ஆட்டம் முடிந்த களத்தில் மட்டையும் கையுமாக அவன் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான்.

வேர் பிடித்து நிற்பவனை உலுக்கிப் பயனில்லை. அவன் எதில் சாய்ந்து நிற்கிறானோ அதை எடுத்துவிட்டால், அவனே விழுவான்.