கடைசிப் பந்துக்கு முன் தூக்கிய கால்

"அடுத்த மாசத்திலிருந்து ரெண்டாயிரம் கூட. முடியலைன்னா காலி பண்ணு," என்றார் வில்லிவாக்கம் வீட்டுக்காரர் நாகசுந்தரம், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். கிரிக்கெட் இறுதி ஆட்டம்.

"சார், தண்ணி லாரிக்கும் கேஸுக்குமே சம்பளம் போயிடுது. பிள்ளைங்களை சினிமாவுக்குக் கூட்டிப்போயே வருஷமாச்சு," என்றான் வாசலில் நின்ற மாடிக் குடித்தனக்காரன் தணிகாசலம்.

அந்த நேரம் பார்த்து நம்ம ஆள் சிக்ஸர் அடித்தான்.

"நீ நின்ன ராசிய்யா! அங்கேயே நில்லு, அசையாதே!"

ஒரு மணி நேரம் நின்றான். ரன் கொட்டியது. கடைசிப் பந்தில் நாலு ரன் வேண்டும். ஃபீல்டர்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

தணிகாசலம் ஒரு காலைத் தூக்கினான். "வரேன் சார். வேற வீடு பார்க்கணும்."

"யோவ், காலைக் கீழே வை! பழைய வாடகைக்கே இரு!"

"எத்தனை நாளைக்கு சார்?" கால் அந்தரத்திலேயே இருந்தது.

"ரெண்டு வருஷம்! வைய்யா!"

"அம்மா, கேட்டுக்கிட்டீங்களா?"

"தெருவுக்கே கேட்டிருக்கும்," என்றாள் அடுப்படியிலிருந்து வீட்டுக்காரம்மா.

காலை வைத்தான். பந்து வானத்தில் ஏறியது. எல்லைக் கோட்டில் பிடித்துவிட்டார்கள்.

"அசைஞ்சிட்டியே, பாவி!"

"நான் நின்ன இடத்திலேயேதான் சார் நிக்கிறேன். பந்து மேலே போனதும் நாற்காலியை விட்டு எழுந்தது நீங்கதான்."