மாடனுக்கு ஒரு இழுப்பு

காற்றாலை செய்யும் தொழிற்சாலையில், சேர வருபவர்களுக்கு வேலை பழக்குபவள் சுயம்புக்கனி. அவளுடைய மாணவர் சுடலைக்கண்ணு அவளைவிட ரொம்ப மூத்தவர். கயத்தாறு பக்கம் லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். புதிய சாலை போட்டவர்கள் அந்தப் பட்டறைப் பக்கம் ஒரு திருப்பம்கூட வைக்கவில்லை. லாரிகள் வருவது நின்றது.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்.

“காலமெல்லாம் லாரிக்கு போல்ட் முடுக்கியிருக்கேன். இங்கயும் போல்ட்தான. அந்த அனுபவம் செல்லுமா, செல்லாதா? அத மட்டும் சொல்லுங்க டீச்சர்.”

அவள் நீளமான ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பாள். வேண்டிய இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சத்தம் போடும் ஸ்பேனர். சத்தம் வந்தால் கை நிற்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். வேலை கிடைப்பதும் அதில்தான் இருந்தது.

தேர்வு நாளன்று சுடலைக்கண்ணு நிதானமாக முடுக்கினார். டிக். கை நின்றது. சுயம்புக்கனி நிம்மதியாக மூச்சு விட்டாள். அடுத்த நொடி, உடம்பையே சாய்த்து இன்னொரு இழுப்பு இழுத்தார்.

“அது எதுக்கு அண்ணாச்சி?”

“எது?”

“கடைசியா இழுத்தீங்களே.”

அவர் தன் கையைப் பார்த்தார். “அதுவா? அது மாடனுக்கு. எங்க பட்டறையில எல்லாரும் சாமிய நெனச்சு கடைசியா ஒண்ணு இழுப்போம். நான் அனுப்புன வண்டியில சக்கரம் கழண்டதா ஒரு பேச்சு உண்டா?”

“சத்தம் வந்தா நிறுத்தணும்னு சொன்னேனே.”

“பல்லி சத்தத்துக்கு நிக்க, நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? மலையில அடிக்கிற காத்தப் பத்தி ஸ்பேனருக்கு என்ன தெரியும்?”

சுயம்புக்கனி ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். அவர் முடுக்கிய போல்ட்டைக் கழற்றினாள். அதையும், புதிய போல்ட் ஒன்றையும், ஒரு நட்டையும் அவர் கையில் வைத்தாள்.

“விரலால போடுங்க.”

புதியதில் நட்டு கடைசிவரை ஓடியது. அவர் முடுக்கியதில் பாதி வழியில் நின்றுவிட்டது. ஊதினார். சட்டையால் துடைத்தார். மறுபடி போட்டார். அதே இடத்தில் நின்றது.

“பிசிறு இருக்கும்.”

“இல்ல. நீங்க இழுத்த இழுப்புல போல்ட் நீண்டுபோச்சு. கண்ணுக்குத் தெரியாது. இனி சுருங்காது. மலைக் காத்துல அறுந்துரும்.”

“லாரியில இப்படி ஆனதில்லயே டீச்சர்.”

“லாரியில உங்ககிட்ட வந்தது எப்படிப்பட்ட போல்ட்?”

“துருப்பிடிச்சது, மரை தேஞ்சது. புதுசு வாங்கித் தர எந்த ஓனருக்கு மனசு வந்துச்சு? இருக்கிறத இறுக்கி அனுப்பணும். வழியில விட்டுறக் கூடாது. அவ்வளவுதான்.”

சொல்லி முடித்ததும் அவர் குரல் இறங்கியது.

“இன்னொரு தடவ பாக்கட்டா? மாடன விட்டுருதேன்.”

அவள் ஸ்பேனரைக் கொடுத்தாள்.

டிக். கை நின்றது. ஆனால் தோள் ஏற்கெனவே சாய்ந்திருந்தது. அதை அவரே பார்த்தார். அவள் எதுவும் சொல்லும் முன்பே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்ப செல்லாது. அப்படித்தான?”

சுயம்புக்கனி அந்த நீண்டுபோன போல்ட்டைக் கையில் எடுத்தாள். குப்பைத் தொட்டி பக்கத்தில்தான் இருந்தது. போடவில்லை.

“உங்க கைய நம்பித்தான் அந்தப் பழைய போல்ட்டெல்லாம் ஓடுச்சு. இங்க பழைய போல்ட் வர்றதே இல்ல, அண்ணாச்சி.”