ரசவாளி

“உத்தரவு கொடுங்க அம்மா. நான் ஊருக்கே போயிடறேன்.”

சிறைமீட்டான் துணிமூட்டையோடு நின்றார். மலையடி மடத்தின் தலைவி உமையாள் வயதில் அவரைவிட இளையவர். ஆனாலும் குரு, ஆகவே அம்மா.

“இங்கே என்ன குறை?”

“கை நடுங்குது.”

“எப்போ?”

“பந்தியில பரிமாறும்போது மட்டும்.”

அந்த மடத்தில் தியானத்துக்கு முன்பே பரிமாறத்தான் கற்றுக்கொடுப்பார்கள். உப்பை இலையின் எந்த மூலையில் வைப்பது என்பதற்குக்கூட விதி உண்டு. நடுங்கும் கைக்கு விதி எழுத மட்டும் மறந்துவிட்டார்கள்.

“போன பௌர்ணமி அன்னதானத்துல ஒருத்தர் மடியில ரசத்தைக் கொட்டிட்டேன். அன்னையிலேருந்து வாளியைத் தொட்டாலே நடுக்கம். பந்தி மொத்தமும் என் கையையேதான் பார்க்குது. ‘இவனெல்லாம் ஒரு சீடனா’ன்னு நினைக்குது.”

“சொன்னாங்களா?”

“சொல்லணுமா? முகத்துலயே தெரியுதே.”

“முகத்தைப் பார்த்தீங்களா?”

சிறைமீட்டான் யோசித்தார்.

“தலை நிமிர்ந்தாத்தானே பார்க்க?”

“சரி. போறவர் சாப்பிட்டுட்டுப் போங்க.”

பந்தியில் உட்கார்ந்தார். சாம்பார் முடிந்தது. அடுத்து ரசவாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் உமையாளேதான்.

சிறைமீட்டானின் இலைக்கு வந்ததும் கரண்டி தடுமாறியது. ரசம் முழுவதும் அவர் மடியில்.

“ஐயோ அம்மா! கையில பட்டுடுச்சா? சுட்டுடுச்சா?”

“நனைஞ்சது உங்க வேட்டி. என் கையைக் கேக்கறீங்க.”

“பின்னே?”

“இவளெல்லாம் ஒரு குருவான்னு தோணலையா?”

“என்னம்மா பேச்சு இது! கை தவறாதவங்க யாரு?”

சொன்னது அவர் காதிலேயே திரும்பி விழுந்தது.

“ஆற வெச்சுத்தான் கொண்டுவந்தேன்” என்றார் உமையாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

சிறைமீட்டான் மெல்லத் தலையை நிமிர்த்தி, வரிசை நெடுக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் சோற்றில் குழி பறித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பக்கத்து இலைக்காரர் குனிந்த தலை நிமிராமல் குரல் கொடுத்தார்:

“ரசம் இந்தப் பக்கம் வருமா, வராதா?”

பந்தியின் நடுவில் எழுவது மரியாதை இல்லை. சிறைமீட்டான் எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து வாளியை வாங்கினார்.

கை நடுங்கத்தான் செய்தது.

ரசம் இலைகளில் விழுந்தது. பெரும்பாலும்.