அணையை வெட்டிய நாள்

"தண்ணீரைப் போல இரு என்றீர்களே, குருவே! அந்தத் தண்ணீரை விட்டே ஓர் ஊரைச் சாகடிக்கப் போகிறார்கள்."

தாங் ஷிக்கு மூச்சு வாங்கியது. அடிவாரத்துக்கு உப்பு வாங்கப் போனவன், வெறுங்கையோடு மலையேறி ஓடி வந்திருந்தான்.

குரு யூ பெய் விறகு பிளந்துகொண்டிருந்தார். சீடனைவிட அவர் வயதில் இளையவர்.

சீனத்தில் சிற்றரசுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. தாங் ஷி ஓர் அரசனுக்கு அணை கட்டிக் கொடுத்தவன். போர்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், பதவியை உதறிவிட்டு, வழி தேடி இங்கே வந்தவன்.

"எந்த ஊர்?"

"லின்யாங். என் பழைய அரசனுக்கு எதிரியின் ஊர். படையெடுத்துப் போனால் நம் ஆட்கள் சாவார்களாம். அதனால் நாளைக்கு என் அணையை வெட்டிவிடப் போகிறார்கள்."

குரு கோடரியைக் கீழே வைத்தார்.

"வயலுக்குத் தண்ணீர் போகட்டும் என்றுதான் கட்டினேன்!"

குரு பிளந்த விறகை ஓரமாக அடுக்கினார்.

"எதையும் வலிந்து செய்யாதே என்கிறீர்கள். அப்படியென்றால் இப்போதும் சும்மா இருப்பதுதான் வழியா? சொல்லுங்கள்."

"அந்த ஊர்ப் பக்கம் மேடு உண்டா?"

"வடக்கே ஒரு குன்று. அதில் தண்ணீர் ஏறாது."

"அவர்களுக்குத் தெரியுமா?"

"தண்ணீர் வரும் என்பதே தெரியாதே!"

குரு செருப்பை மாட்டிக்கொண்டு மலையிறங்கத் தொடங்கினார்.

"நம்ப மாட்டார்கள். உளவாளி என்று கழுத்தை வெட்டுவார்கள்!"

"வெட்டலாம்" என்றார், திரும்பாமல்.

லின்யாங் கோட்டை வாசலில் காவலர்கள் சிரித்தார்கள். அணையைக் கட்டியவனே நான்தான் என்று தாங் ஷி சொன்னதும் சிரிப்பு நின்றது. அடி விழுந்தது. இருவரையும் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

குரு எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, மதிலுக்கு வெளியே தாழ்வில் இருந்த குடிசைகளுக்குப் போனார். வாசல் வாசலாக நின்றார்.

"தண்ணீர் வருகிறது. குன்றுக்கு வாருங்கள்."

பலர் நாயை ஏவினார்கள். ஒருத்தி மட்டும், இடுப்பில் குழந்தையோடு, தாங் ஷியின் உடைந்த பல்லையும் ரத்தத்தையும் வெகுநேரம் பார்த்தாள்.

"பொய் சொல்ல வந்தவன் இவ்வளவு அடி வாங்க மாட்டான்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் நடுப்பகலில் அந்த இரைச்சல் கேட்டது.

சாயங்காலம் லின்யாங் இருந்த இடத்தில் காவல் கோபுரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றிக் கூரைகளும் மாடுகளும் மிதந்தன. கூப்பிடும் குரல் எதுவும் இல்லை.

தாங் ஷி குன்றின் மேல் திரும்பிப் பார்த்தான். குன்றேறித் தப்பியவர்கள் எல்லோருக்கும் ஒரே மரத்தடி போதுமாக இருந்தது. அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இவ்வளவு பேர்தானா, குருவே! இவ்வளவு பேர்தானா!"

குரு தன் மேலாடையைக் கழற்றி குழந்தைகள்மேல் போர்த்திக்கொண்டிருந்தார்.

"மெல்லப் பேசு" என்றார். "இப்போதுதான் தூங்கினார்கள்."