கோபுரம் தூங்கிய பதினொரு நாள்

சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. இருந்தால் எனக்கு மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இன்றைக்கே விழட்டும். நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போகும்போது அவரவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனால் போதும்.

பால்வண்ணன் என்று ஒருவன். வானொலியில் பேசிப் பாட்டுப் போடுவது தொழில். ஐம்பத்தொரு வயது. அதில் இருபத்தாறு வருஷம் ஏழு ஊரில், ஏழு பண்பலை நிலையத்தில் கழிந்தது. ஒவ்வொரு நிலையமும் அவனுக்கு ஒரு பெயர் வைத்தது. கிளம்பும்போது பெயரைப் பிடுங்கிக்கொண்டது. கோவையில் அவன் ஜாலி ஜீவா. அவன் அந்த ஊரை விட்டுப் பதினாறு வருஷமாகியும் ஜாலி ஜீவா அங்கே பேசிக்கொண்டுதான் இருக்கிறான். இப்போது இருப்பவன் மூன்றாவது ஜீவா. திருச்சியில் காவிரி பெருகியபோது பால்வண்ணன் நாற்காலியை விட்டு எழாமல் நான்கு நாள் பேசினான். ஐந்தாம் நாள் மைக்கில் காளான் முளைத்திருந்தது. சேலத்தில் அவன் சொன்ன காலை வணக்கத்தைக் கேட்டு, இனி நமக்கென்ன வேலை என்று சேவல்கள் கூவுவதை விட்டன.

இவ்வளவு செய்தவன் ஏழாவது ஊரில் களைத்துப்போனான்.

அந்த நிலையத்தில் பேசுகிற அறை கடைத்தெருவில் இருந்தது. பேச்சை வானத்துக்கு அனுப்புகிற கோபுரம் ஆறு மைல் தள்ளிக் குன்றின்மேல். ஒருநாள் குன்றில் ஓர் எலி கம்பியைக் கடித்தது. கோபுரம் படுத்துவிட்டது. அறைக்குள் இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? காதில் மாட்டியிருந்ததில் அவன் பேச்சு அவனுக்கு நன்றாகவே கேட்டது. பதினொரு நாள் பேசினான். நேயர்கள் போன் செய்வது முன்பே நின்றுபோயிருந்ததால், பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டவர்களின் பெயர்களையும் அவனே உண்டாக்கிப் படித்தான்.

பன்னிரண்டாம் நாள் காலை, தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்த எஞ்சினியர் கையில் லட்டோடு வந்தார்.

"அண்ணாச்சி, பதினொரு நாளா டவர் தூங்கியிருக்கு. இப்பதான் சரி பண்ணிட்டு வாரேன்."

"யாராவது கேட்டாங்களா?"

"என்னத்த?"

"ஏன் பேச்சு வரலைன்னு. ஒருத்தராவது."

எஞ்சினியர் யோசித்துப் பார்த்தார். "ஒரு போன்கூட வரலை."

பால்வண்ணன் லட்டை வாங்கிக்கொண்டான். காதில் இருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தான். வெளியே வந்து, எந்த ஊர் போகிறது என்றுகூடப் பார்க்காமல் பஸ் ஏறினான்.

பிறகு இரண்டு மாதம் பஸ்ஸிலேயே கழிந்தது. அப்படி ஒரு பயணத்தில்தான் முன் இருக்கைக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. மலையடியில் இசக்கியப்ப சாமி என்று ஒருவர் கிளம்பியிருக்கிறாராம். ஊரில் இருந்த ஊமைகளையெல்லாம் ஒரே காலையில் பேச வைத்துவிட்டாராம்.

பேச வைக்கத் தெரிந்தவருக்கு நிறுத்தவும் தெரிந்திருக்கும் என்று பால்வண்ணனுக்குத் தோன்றியது. இறங்கிவிட்டான்.

சாமிக்கு வயது முப்பத்தெட்டு. தாடி இன்னும் கன்னத்தை முழுசாக மூடவில்லை. பால்வண்ணன் காலில் விழுந்தான். சாமி கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு மௌன தீட்சை வேணும் சாமி. சாகிற வரைக்கும் பேசக் கூடாது."

"இதுவரைக்கும் என்ன தொழில் பாத்தீய அண்ணாச்சி?"

"பேசுறது."

"எங்க?"

பால்வண்ணன் ஏழாவது ஊரையும் நிலையத்தையும் சொன்னான். பதினொரு நாள் கதையையும் சொன்னான். சாமிக்கு விக்கல் எடுத்தது. செம்புத் தண்ணீரை முழுதும் குடித்தார். விக்கல் நிற்கவில்லை.

"முதல்ல வாசலைக் கூட்டுங்க" என்றார்.

கூட்டினான். நாற்பது நாள் கூட்டினான். தினமும் சாயங்காலம் போய் நிற்பான்.

"சாமி, இருபத்தாறு வருஷம் பேசினேனே, யார் கேட்டா?"

"வாசல் கூட்டியாச்சா?"

"ஆச்சு."

"தண்ணி?"

"எடுத்தாச்சு."

"அப்ப சாப்பிடுங்க."

பதில் சொல்லாமல் இருப்பதில் ஏதோ ஆழம் இருக்கிறது என்று பால்வண்ணன் எண்ணினான். சாமி அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்ததையும் ஆழத்திலேயே சேர்த்துக்கொண்டான்.

நாற்பத்தோராம் நாள் வியாழக்கிழமை. மத்தியானம் நிலைய மேலாளர் போனில் பிடித்துவிட்டார்.

"யோவ், நீ போனதுல இருந்து உன் பழைய நிகழ்ச்சியத்தான் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தோம். திங்கக்கிழமை அந்த மெஷினும் புகைஞ்சு போச்சு. பேச ஆளில்ல. நாளைக்கு மத்தியானம் கூப்பிடுவேன். வாரேன்னு சொன்னா நிலையம் இருக்கும். இல்லேன்னா பூட்டுப் போட்டுச் சாவியக் குடுத்துருவோம். என்ன சொல்லுத?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு நேரே சாமியிடம் போனான்.

"காலையிலயே தீட்சையக் குடுத்துருங்க சாமி. மத்தியானம் போன் வரும். அதுக்குள்ள நான் ஊமையாயிரணும்."

சாமி வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது.

செல்லத்தாய். அந்த ஊரில் பீடி சுற்றுகிறவள். கையில் மஞ்சள் பை. பையிலிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்து, பிள்ளையைக் கிடத்துவது மாதிரி சாமி முன்னால் வைத்தாள்.

"பேச மாட்டேங்கு சாமி. திங்கக்கிழமையில இருந்து ஒரே இரைச்சல். கைய வைங்க."

சாமி இடுப்பிலிருந்து ஸ்க்ரூ திருகுகிற திருப்புளி ஒன்றை எடுத்தார். சாமியார் இடுப்பில் திருப்புளி எதற்கு என்று பால்வண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதையும் ரேடியோவையும் அவனிடம் நீட்டினார்.

"பாருங்க அண்ணாச்சி."

பால்வண்ணன் திறந்து பார்த்தான். முள்ளைத் திருப்பிப் பார்த்தான். மலை மறைப்பில் அங்கே எடுப்பது அவன் விட்டு வந்த அந்த ஒரு நிலையம்தான். வெறும் இரைச்சல் வந்தது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கும்மா. நிலையத்துலதான் பேசல."

செல்லத்தாய் சிரித்துவிட்டாள். "அதெப்படி? அவிய பேசாம இருப்பாவளா?"

"அந்த ஆளு போயிட்டாரும்மா."

"எங்க போவாவ? மூணு மாசமா சொன்னதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாவ. பொங்கல் வாழ்த்தப் பங்குனியிலயும் சொன்னாவ. சரி, மனுசனுக்கு அசதி இருக்கும்னு கேட்டுக்கிட்டேன். பேசாம மட்டும் இருக்க மாட்டாவ. இந்தப் பெட்டிதான் போச்சு. நாந்தான் போன வாரம் கீழ போட்டேன்."

"நான் சொல்றதக் கேளும்மா..."

அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். "ஒங்க சத்தம் எங்கியோ கேட்ட மாரி இருக்கே. ரேசன் கடையில இருந்தீயளோ?"

"இல்ல."

"பின்ன, கரண்டு ஆபீசா?"

பால்வண்ணன் குனிந்து ரேடியோவை மூடினான். செல்லத்தாய் பையை மடித்து இடுப்பில் செருகினாள்.

"காலையில வாரேன் சாமி. இது பேசலன்னா கை ஓட மாட்டேங்கு. நாலு நாளா எல பாதி அப்படியே கெடக்கு."

அவள் போன பிறகு சாமி எழுந்து பின்னறைக் கதவைத் திறந்தார். பால்வண்ணன் இத்தனை நாளும் வாசலோடு நின்றவன். அந்த அறைக்குள் போனதில்லை. சுவரெல்லாம் பலகை அடித்திருந்தது. பலகை மேல் ரேடியோக்கள்.

"இருபத்திரெண்டு" என்றார் சாமி. "திங்கக்கிழமையில இருந்து வந்தது. அந்தம்மாவோடது இருபத்தி மூணு. போன தடவ நாப்பத்தி மூணு."

"எந்தத் தடவ?"

"நீங்க பதினொரு நாள் பேசினீயள்லா, அந்தத் தடவ."

பால்வண்ணன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நான் ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி. நாப்பத்தி மூணையும் தொறந்தேன். ஒண்ணுலயும் கோளாறு இல்ல. அப்படிச் சொன்னா அடிக்க வந்தாவ, தொழில் தெரியாதவன்னு. சோதிச்சுக்கிட்டு இருக்கேன்னு எல்லாத்தையும் போட்டே வச்சிருந்தேன். பன்னெண்டாம் நாள் காலையில நாப்பத்தி மூணும் ஒரே குரல்ல வணக்கம் சொல்லிச்சு. தெருவே விழுந்து கும்பிட்டுது. ஊமப் பெட்டியப் பேச வச்ச சாமின்னாவ. அந்தப் பேச்சு பஸ்ஸுல ஊர் ஊராப் போகப் போகப் பெட்டி கழண்டு விழுந்துட்டு. ஊம மட்டும் நின்னுட்டு."

"இத ஏன் சாமி மொதல் நாளே சொல்லல?"

"சொன்னா எழுந்து போயிருவீய. வாசலக் கூட்ட ஆளில்ல."

பால்வண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான்.

"நாப்பத்தி மூணு பேரு. ஒருத்தர்கூட நிலையத்துக்குப் போன் பண்ணலையே சாமி."

"பெட்டி கெட்டுப்போனா நிலையத்துக்கா போன் பண்ணுவாவ?"

பால்வண்ணன் பலகைகளைப் பார்த்தான். ஒரு ரேடியோவுக்கு உல்லன் நூலில் சட்டை பின்னிப் போட்டிருந்தது. இன்னொன்றுக்கு நெற்றியில் குங்குமம்.

"எனக்கு அலுத்துப்போச்சு சாமி" என்றான். "நெசமாவே அலுத்துப்போச்சு."

"தெரியுது."

"அப்ப தீட்சை?"

"குடுத்துரலாம். காலையில அஞ்சு மணிக்குக் குளிச்சிட்டு வாங்க." சாமி செல்லத்தாயின் ரேடியோவையும் திருப்புளியையும் அவன் மடியில் வைத்தார். "அதுக்கு முன்னால, இதுல எந்த ஸ்க்ரூவைத் திருகணும்னு மட்டும் எனக்குக் காட்டிக் குடுத்துருங்க. அந்தம்மா வந்து நிப்பாவ."

பால்வண்ணன் திருப்புளியைக் கையில் எடுத்தான். ரேடியோவைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். யார் சொன்னது என்று யாராவது கேட்டால், பஸ்ஸில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் வேண்டாம். என் பெட்டி இன்னும் சாமியிடம்தான் இருக்கிறது.