திரைச்சீலையும் ஓட்டையும்

ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. அதில் வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு நாடக மன்றம் நடத்தினார்கள். பாய்லர் ஆட்களும் எடைமேடை ஆட்களும் ஆபீஸ்காரர்களும் வேலை முடிந்து வந்து நடிப்பார்கள். மன்றத்துக்கென்று அரக்கு நிற வெல்வெட்டில் ஒரு திரைச்சீலை. அதன் நடுவில், ஆள் உயரத்தில், ஓர் ஓட்டை.

திரைச்சீலைக்கு அதுதான் தீராத மனக்குறை.

மன்றம் தொடங்கிய அன்றே வந்த ஓட்டை அது. முதல் நாடகத்துக்குப் பூசை போட்டபோது, கதாநாயகனாக நடிக்க வந்த ஃபிட்டருக்குக் கை நடுங்கி, பிடித்திருந்த ஊதுபத்தி திரையில் பட்டுவிட்டது. கடலைப்பருப்பு அளவுக்குப் பொசுங்கியது. யாராவது திட்டுவதற்குள் அவர் அதில் கண்ணை வைத்துக் கூட்டத்தைப் பார்த்தார். நடுக்கம் நின்றது. அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மணி அடிப்பதற்கு முன் ஒவ்வொருவராக வந்து பார்ப்பார்கள். புதிதாக நடிக்க வருபவருக்கு முதல் பார்வை. என்ன பார்த்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. முப்பத்தொரு வருடங்களாக விரல்கள் பட்டுப் பட்டு, ஓட்டை ஒரு கண் அளவுக்கு வளர்ந்திருந்தது.

போன வருட ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரைத் திரைக்கு முன்னால் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். புகைப்படம் வந்தபோது, அவர் தோளுக்கு மேலே மை தீட்டிய ஒரு கண் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் படம் ஆலை முழுக்கச் சுற்றியது. இந்த வருடம் எம்.டி. வருகிறார், ஓட்டையைத் தைத்தே ஆக வேண்டும் என்று செயலாளர் பொன்னுரங்கம் சொல்லிவிட்டார். திரைச்சீலைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"இன்னிக்கோட நீ ஒழிஞ்சே," என்று விழா நாளன்று ஓட்டையிடம் சொன்னது.

"ஒழியறதுக்கு நான் என்ன இருக்கிறவளாக்கா? நீங்க இல்லாத இடம்தானே நான்," என்றது ஓட்டை.

"இந்த வாய்க்கே உன்னைத் தைக்கணும். மாவட்டப் போட்டியில கோப்பை வாங்கினது என் முன்னாடி. திடல்ல எண்ணூறு பேர் மழையில நனைஞ்சுக்கிட்டே பார்த்தது என் முன்னாடி. நாளைக்கு யாராவது இந்த மன்றத்தோட சரித்திரத்தை எழுதினா, உன்னை எங்கே எழுதுவாங்க?"

"உங்க முன்னாடி நடந்ததை எழுதட்டும். பின்னாடி நடந்தது எனக்குத்தான் தெரியும். கோப்பை வாங்கின அன்னிக்கு ராஜா வேஷக்காரர் மூணு தடவை வந்து பார்த்தாரு. அவர் இமை துடிச்ச துடிப்புல எனக்கே கூசிடுச்சு."

"பயந்தாங்கொள்ளிங்க சரித்திரம்."

"ஆமா. பயம் இல்லாதவங்க கேன்டீன்ல டீ குடிச்சுக்கிட்டிருந்தாங்க. மேடைக்கு வந்தவங்க பூரா இவங்கதான்."

மாலை நான்கு மணிக்கு ஊசி வந்தது. ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் இருந்துகொண்டே மன்றத்துக்கு உடை தைத்துக் கொடுக்கும் ஞானமுத்துவின் ஊசி. டாக்டர் மாதிரி ஓரங்களைத் தொட்டுப் பார்த்தது.

"எங்கே வலிக்குது?"

"வலி இல்ல. மானக்கேடு," என்றது திரைச்சீலை.

"ஓரமெல்லாம் நைஞ்சு கிடக்கு. தையல் நிக்கணும்னா நீங்கதான் இறுக்கிப் பிடிச்சுக்கணும். குத்துறது மட்டும்தான் என் வேலை."

"பிடிச்சுக்கறேன். நீ குத்து."

பாதி மூடியபோது ஓட்டை மெல்லச் சொன்னது: "அக்கா, எடைமேடைப் பொண்ணு இன்னிக்குத்தான் முதல் தடவையா ஏறுது. அது மட்டும் பார்த்துட்டுப் போகட்டுமே."

திரைச்சீலை ஓரங்களை இன்னும் இறுக்கிப் பிடித்தது. ஊசி முடிச்சுப் போட்டது.

ஆறு மணிக்கு வினோதினி வந்தாள். எடைமேடையில் கரும்பு வண்டிகளுக்குச் சீட்டு எழுதும் பெண். வக்கீல் வேடத்துக்குக் கறுப்பு அங்கி போட்டிருந்தாள். திரையைக் கையால் தடவித் தேடினாள்.

"ஓட்டை எங்க சார்?"

"தைச்சாச்சும்மா," என்றார் பொன்னுரங்கம்.

"முதல் பார்வை எனக்குத்தான்னு சொன்னீங்களே."

"எம்.டி. முன் வரிசையில உட்கார்ந்திருக்கார். அவர் மூஞ்சிக்கு நேரா கண்ணை வெச்சுப் பார்க்கப் போறியா?"

"எங்கப்பாவை வரச் சொல்லியிருந்தேன் சார். இந்த ஆலைக்குத்தான் இருபது வருஷமா கரும்பு வெட்டுறார். ஒரு தடவைகூட இந்த ஹாலுக்குள்ள வந்ததில்ல. வந்திருக்காரான்னு தெரியணும்."

"வந்திருப்பார்மா."

"வரலைன்னாலும் பரவாயில்ல சார். தெரிஞ்சா போதும். தெரியாம எனக்கு முதல் வசனமே வாயில வரமாட்டேங்குது."

பொன்னுரங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இங்க பாரும்மா. முடியலைன்னா இப்பவே சொல்லிடு. வசனம் எடுத்துக் கொடுக்கிற சரோஜா மேடம் உன் பங்கைப் புத்தகத்தைப் பார்த்துப் படிச்சுடுவாங்க. மணி அடிக்கணும்."

அவள் தையல் விழுந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

முப்பத்தொரு வருடங்களாக அந்த இடத்துக்கு வந்த கைகளையெல்லாம் ஓட்டையைத் தேடி வந்தவை என்றே திரைச்சீலை ஒதுக்கி வைத்திருந்தது. இந்தக் கைக்குத் தொடுவதற்கு ஓட்டை இல்லை. கையின் நடுக்கம் துணிக்குள் ஏறி, மேலே கம்பியில் கோத்திருந்த வளையங்கள்வரை போய்ச் சிணுங்கியது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் காற்று என்று நினைத்திருப்பார்கள்.

"நூலே, விட்டுடு," என்றது திரைச்சீலை.

"நான் எங்க பிடிச்சிருக்கேன்? நீங்கதான் பிடிச்சிருக்கீங்க," என்றது நூல்.

திரைச்சீலைக்குப் போன வருடப் புகைப்படம் நினைவுக்கு வந்தது. முன் வரிசையில் எம்.டி. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பிறகு அது தன்னைத் தளர்த்திக்கொண்டது. ஒரு தையல் பிரிந்தது. இன்னொன்று பிரிந்தது. வினோதினியின் விரல் உள்ளே போனது.

அவள் கண்ணை வைத்தாள். நெடுநேரம் தேடினாள். பிறகு கண்ணை எடுக்காமலே, "அடிங்க சார் மணியை," என்றாள்.

எதைப் பார்த்தாள் என்று திரைச்சீலையும் பார்த்தது. ஆறாவது வரிசை ஓரத்தில் ஒருவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். துவைத்த சட்டை. செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். யாராவது வந்து எழுந்திரு என்று சொன்னால் உடனே போய்விடலாம் என்பதுபோல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கோ தலையைத் திருப்பியவர், அரக்கு நிறத் துணியின் நடுவில் ஒரு கண்ணைக் கண்டார்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு செருப்பைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.