கூடு வரை போன வழி

கண்மாயில் பறவைகளை ஆராய்கிற ஜெனோவாவுக்கு வயது முப்பத்து நான்கு. அவளிடம் பாடம் கேட்க வந்த அழகுமலைக்கு அறுபது. முப்பது வருடம் பேருந்தில் நடத்துநராகத் தலை எண்ணியவர். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணாமல் இருக்க முடியவில்லை, பாவம்.

அன்று காலை ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"டீச்சர், மேற்குக் கரையில நான் கண்டுபிடிச்ச கதிர்க்குருவிக் கூடு போச்சு. முட்டையெல்லாம் கீரி தின்னுருச்சு."

"பாத்தீங்களா?"

"ஓடு செதறிக் கெடந்துச்சு. கீரித் தடமும் இருந்துச்சு."

அவள் குறிப்பேட்டை மூடிவைத்தாள்.

"கிழக்குக் கரையில இன்னொரு கூடு பாத்து வச்சிருக்கேன். நாலு முட்டை. அதுவும் போயிருமோன்னு பயமாவே இருக்கு. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் போய் எண்ணிப் பாத்துட்டுத்தான் வர்றேன். பத்தாதோ? பக்கத்துலயே உக்காந்து காவல் காக்கட்டுமா?"

ஜெனோவா பைனாகுலரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, போவோம்."

வழி காட்ட முன்னால் போனவரை நிறுத்தினாள். "நீங்க பின்னால வாங்க, ஐயா."

கிழக்குக் கரையில் இடுப்பளவு புல். ஆள் நடமாட்டம் கிடையாது. அந்தக் கூட்டை அவள் பார்த்ததே இல்லை. தெரியாமல் மிதித்துவிடுவாளோ என்று அழகுமலை பதறினார். அவளோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புல்லுக்குள் இறங்கினாள். ஒரு முள்செடியைச் சுற்றி, இடதுபக்கம் திரும்பி, பத்தடி தள்ளி நின்றாள்.

"அந்த எலந்தச் செடிக்கு அடியிலதான?"

"எப்படி டீச்சர்? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"கீரிகிட்டயும் நீங்க சொல்லல."

குனிந்து தரையைக் காட்டினாள். புல் இருபுறமும் சாய்ந்து, ஓர் ஆள் போகும் அகலத்துக்கு வழி விழுந்திருந்தது. கரையில் தொடங்கி இலந்தைச் செடியில் முடிந்தது. வேறெங்கும் போகவில்லை. நெடுகிலும் அவருடைய செருப்புத் தடம்.

அழகுமலை, மேற்குக் கரைக்கு எத்தனை தடவை போனோம் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"வந்த வழியே திரும்பிராதீங்க" என்றாள். "வழி இங்க முடியக் கூடாது. நிக்காம அந்தப் பக்கமாப் போயிருவோம்."

செடியைக் கடக்கும்போது அவர் கழுத்து தானாகத் திரும்பியது. ஒரே ஒரு தடவை எண்ணிவிட்டால் போதும் என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

புல்லைக் கடந்து அந்தப் பக்கம் மேடேறியதும் கேட்டார்.

"நாலும் இருக்கான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது, டீச்சர். மறுபடி எப்ப வந்து பாக்கலாம்?"

"புல்லு நிமிரட்டும்."